மூன்று முறை ஒரே எடை

அவர் எந்தப் பொருளையும் காய்ந்துவிட்டது என்று சொல்லி நான் கேட்டதில்லை. இரண்டு நாள் வெயிலில் கிடந்த காகிதக் குழாயைக் கையில் கொடுத்து, காய்ந்துவிட்டதுதானே என்று கேட்டால், “காஞ்சுக்கிட்டிருக்குக்கா” என்பார். அதைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்வார். அரை மணி நேரம் கழித்து மறுபடியும் வைப்பார். அதற்கப்புறம் இன்னொரு அரை மணி. மூன்று தடவையும் ஒரே எடை வந்தால் நோட்டில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். நடுவில் தராசின் கடைசி இலக்கத்தில் ஒன்று குறைந்திருந்தாலும் போச்சு, திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பம். எங்கள் கொட்டகையில் வேலை பார்த்த எட்டுப் பெண்களும் அவருக்கு ‘ஈரம் சார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். ஒரு நாள் வாசலில் மொபெட்டை நிறுத்திவிட்டு, “ஈரம் சார் வந்திருக்கேன்னு சொல்லுங்க” என்று அவரே சொன்னார். அன்றைக்குக் கொட்டகையில் ஒருத்தியும் தலையை நிமிர்த்தவில்லை.

அச்சங்குளத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, பட்டாசுக் கம்பெனி ஒன்றுக்கு வெறுங்குழாய் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். வெடிமருந்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை. பழுப்புக் காகிதம், மைதாப் பசை, இரும்புக் கம்பி, இவ்வளவுதான் எங்கள் தொழில். காகிதத்தில் பசை தடவிக் கம்பியில் சுற்றி, உருவி, நூறு நூறாகச் சணலால் இறுக்கிக் கட்டி, வெயிலில் காயவைத்தால் கம்பெனி வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். அங்கே வேறு பெண்கள் மருந்து அடைப்பார்கள். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கரிசல் காட்டில் பருத்தி எடுத்தவர்கள். எனக்குக் குனிந்து செய்யும் வேலை பிடிக்காது. உட்கார்ந்து செய்யும் வேலையைப் பிடித்துக்கொண்டேன், பத்து வருஷத்தில் எட்டுப் பேருக்கு வேலை சொல்லும் இடத்துக்கும் வந்துவிட்டேன். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அவர் விருதுநகர்ப் பக்கம் ஓர் இன்ஜினியரிங் காலேஜில் வாத்தியார். சொந்த ஊர் காரியாபட்டிக்குப் பக்கத்தில். ஒல்லியான ஆள், மூக்குக் கண்ணாடி, சட்டைப் பையில் வேர்வை படாமல் பிளாஸ்டிக் கவரில் போட்ட சின்ன நோட்டு. முதல் நாள் வந்தபோது மொபெட்டின் பின்னால் ஒரு தலையணை, அதன்மேல் எலக்ட்ரானிக் தராசுப் பெட்டி, எல்லாவற்றையும் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். ரோட்டில் பள்ளம் வந்தால் தராசு குலுங்கக் கூடாதென்று இறங்கித் தள்ளிக்கொண்டு வருவாராம். எங்கள் ஊர் ரோட்டில் பள்ளம் இல்லாத இடம் எது? சாத்தூரில் இருந்து பாதி தூரம் நடந்தே வந்த மாதிரி வேர்த்து விறுவிறுத்து நின்றார். டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்வதாகவும், சுற்றி முடித்த கையோடு ஈரக் குழாய் வேண்டும் என்றும் சொன்னார். காய்ந்த குழாய் எப்போது வரும் என்று கேட்டுத் தலையைத் தின்பவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். ஈரக் குழாய் கேட்டு வந்த முதல் ஆள் அவர்தான்.

என்ன ஆராய்ச்சி என்று கேட்டேன். ஒரு பொருளுக்குள் இருக்கும் ஈரம் வெளியே வர எவ்வளவு நேரமாகும் என்பதற்குச் சூத்திரம் ஏற்கெனவே இருக்கிறதாம். ஆனால் அந்தச் சூத்திரம், காய்ந்து முடிகிற வரைக்கும் பொருள் அதே பருமனில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போட்டது. நிஜத்தில் ஈரம் போகப் போகப் பொருள் சுருங்குகிறது. சுருங்கினால் ஈரம் கடந்து வர வேண்டிய தூரமும் குறைகிறது. அதையும் சேர்த்துக் கணக்கு எழுதுவதுதான் தன் வேலை என்றார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் இறங்கி வந்தார்.

“சாத்தூர்ல இருந்து கோவில்பட்டிக்கு ஒருத்தன் நடக்கான்னு வச்சுக்கோங்க. அவன் நடக்க நடக்கக் கோவில்பட்டியும் அவனைப் பார்த்து நகந்து வருது. அப்ப எத்தனை மணிக்குப் போய்ச் சேருவான்? அதான்க்கா கேள்வி.”

“அப்படி ஒரு கோவில்பட்டி இருந்தா எங்களையும் கூட்டிட்டுப் போங்க சார், பஸ்ஸுக்கு நிக்க முடியல” என்றாள் முத்துமாரி. எட்டுப் பேரில் வாய் அதிகம் அவளுக்கு. கைத்திறமையும் அவளுக்குத்தான் அதிகம். அவர் சிரிக்காமல் அவள் சொன்னதையும் ஒரு நிமிஷம் யோசித்தார்.

அன்றிலிருந்து வியாழக்கிழமைதோறும் வருவார். கொட்டகையின் ஒரு மூலையில் ஸ்டூல் போட்டுத் தராசை வைத்தோம். காற்றுப் பட்டால் அந்தத் தராசில் எண் நிற்காமல் ஓடும். அதனால் அரை மணிக்கு ஒரு தடவை ஃபேனை நிறுத்தச் சொல்வார். சித்திரை மாதம், தகரக் கூரை, ஃபேன் இல்லை. எங்கள் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு தராசின் மேல் குனிவார். அவர் மூச்சு விடும் வரைக்கும் நாங்களும் விட மாட்டோம். யாரும் அப்படிச் சொல்லவில்லை, தானாகப் பழகிவிட்டது. எடை பார்த்ததும் ஓர் இடுக்கி அளவுகோலால் குழாயின் கனத்தைப் பிடித்து அளப்பார். தினம் பார்க்கும் எங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அவர் மட்டும் “சுருங்கியிருக்கு” என்று சந்தோஷமாகச் சொல்வார்.

சுருங்குவது எங்களுக்குத் தெரியாது என்று அவர் நினைத்திருந்தால் அது தப்பு. ஈரத்தில் இறுக்கிக் கட்டிய சணல், குழாய் காய்ந்ததும் தொளதொளவென்று ஆகிவிடும். விரல் நுழைகிற அளவுக்குத் தளர்ந்தால் கட்டு காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதையும் முழுசாக நம்ப முடியாது, வெளியே இருக்கும் குழாய் முதலில் காய்ந்து சணல் தளர்ந்துவிடும், நடுவில் இருப்பது காய்ந்திருக்காது. அதற்கு ஒரு குழாயை நடுவில் இருந்து உருவிக் கன்னத்தில் வைத்துப் பார்ப்போம். சில்லென்று இருந்தால் ஈரம். இதை அவருக்குச் செய்து காட்டினேன். அவர் குழாயை வாங்கித் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு அதைத் தராசில் வைத்து எடை பார்த்தார். கன்னம் சொன்னதும் தராசு சொன்னதும் ஒன்றாக இருந்ததில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம், ஏதோ நாங்கள்தான் தராசைக் கண்டுபிடித்தவர்கள் என்கிற மாதிரி.

எடை பார்க்கிற அந்தப் புத்தி மனுஷர்களிடத்திலும் போகும். வந்ததும் “சாப்பிட்டீகளாக்கா?” என்பார். ஆச்சு சார் என்பேன். அரை மணி கழித்துத் தராசை விட்டு நிமிர்ந்து, “சாப்பிட்டீகளா?” என்பார். முதல் தடவை எனக்கு எரிச்சலாகவே வந்தது. மூன்றாவது தடவை கேட்டபோது, இன்னும் இல்லை, அடுப்பில் உலைகூட வைக்கவில்லை என்று உண்மை வந்துவிட்டது. ஏன் சார் இப்படிக் கேட்டதையே கேட்கிறீர்கள் என்றேன்.

“மொத பதிலு மரியாதைக்குச் சொல்றது. ரெண்டாவது, மொதல்ல சொன்னதுக்காகச் சொல்றது. மூணாவதுதான்க்கா பதிலு” என்றார்.

பெண் பார்க்கப் போன இடத்திலும் இதே கதைதான். அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு பெண். பார்த்துவிட்டு வந்து, இன்னும் இரண்டு தடவை பார்க்க வேண்டும் என்றிருக்கிறார். பெண் வீட்டில் சண்டைக்கு வராத குறை. இரண்டாம் தடவை போனார். மூன்றாம் தடவை போனபோது அந்தப் பெண் காபியில் சர்க்கரை போடாமல் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். இவர் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, சர்க்கரை இல்லை என்று சொல்லியிருக்கிறார். அவளைத்தான் கட்டினார். இதை எங்களிடம் சொன்னபோது அவருக்குக் காது சிவந்துவிட்டது. முத்துமாரி அதற்கப்புறம் ஒரு மாதம் அவருக்குச் சர்க்கரை இல்லாமல்தான் டீ கொண்டுவந்து வைத்தாள்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும்.

முதல் நாளே அவர் என்னிடம், “பார்த்து எடுக்க வேண்டாம்க்கா, எது கைக்கு வருதோ அதைக் குடுங்க” என்று சொல்லியிருந்தார். அதை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் தெரியுமா? பந்தியில் உட்கார்ந்தவர், கொஞ்சம் போதும், எது இருக்கோ அதைப் போடுங்க என்று சொல்வாரே, அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அதற்காக அடிப்பிடித்த சோற்றையா போடுவோம்? படித்தவர், நம் இடம் தேடி வந்தவர். இங்கேயிருந்து எடுத்துக்கொண்டு போய்ப் பெரிய பெரிய ஆட்களுக்குக் காட்டப்போகிறார். என் கொட்டகைக் குழாய் அங்கே பல்லிளித்துக்கொண்டு நின்றால் யாருக்கு அசிங்கம்? அதனால் மொபெட் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே, முத்துமாரி அப்போது சுற்றிய குழாய்களைப் பொறுக்கித் தட்டின் மேலாக வைத்துவிடுவேன். அவர் வந்து எது கைக்கு வருதோ என்று கையை நீட்டுவார். அவள் குழாய்தான் கைக்கு வரும்.

முத்துமாரியின் கை அப்படிப்பட்டது. பசை ஒரு சொட்டுக் கூடாது, குறையாது. காகிதத்தை இழுத்துச் சுற்றினால் சுற்றுக்குச் சுற்று ஒட்டிக்கொண்டு, நகத்தால் தட்டினால் கட்டைச் சத்தம் வரும். மற்ற ஏழு பேரும் வேலைக்காரிகள்தான். ஆனால் ஒருத்தி பசையை அள்ளி அப்புவாள், ஒருத்திக்குக் கை தளர்ச்சி, ஒருத்தி சாயங்காலமானால் வீட்டு நினைப்பில் சுற்றுவாள். எட்டும் சேர்ந்ததுதான் கம்பெனிக்குப் போகும் லோடு. அவருக்குப் போனது ஒரு கை மட்டும். இரண்டு வருஷம் இப்படி நடந்தது. நான் மட்டும் செய்தேன், மற்றவர்கள் கண்டுகொள்ளவில்லை.

அவர் படிப்புக்குப் பதிவு செய்த கெடு அந்த வருஷத்தோடு முடிகிறது. ஏற்கெனவே ஒரு தடவை நீட்டிப்பு வாங்கியாயிற்று. அதற்குள் ஆராய்ச்சிப் புத்தகத்தைக் கொடுக்காவிட்டால் பதிவு போய்விடும், ஆறு வருஷப் பாடு வீண். பட்டம் இல்லையென்றால் காலேஜில் நிரந்தரமும் ஆக்க மாட்டார்கள். இதெல்லாம் அவர் புலம்பிச் சொன்னதில்லை, நான் மூன்று தடவை கேட்டுத் தெரிந்துகொண்டது. அவரிடமிருந்து தொற்றிய வியாதி.

ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை பெரிய காகிதம் ஒன்றைக் கொண்டுவந்து பிரித்துக் காட்டினார். அவர் கணக்குப் போட்டு வரைந்த கோடு ஒன்று மேலிருந்து வளைந்து இறங்குகிறது. எடை பார்த்துக் குறித்த புள்ளிகள் எல்லாம் அந்தக் கோட்டின் மேலேயே வந்து உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றுகூட விலகவில்லை. நாங்கள் எல்லாரும் சந்தோஷப்பட்டோம். அவர் முகத்தில்தான் சந்தோஷம் இல்லை. “இம்புட்டு ஒத்துப்போகக் கூடாதேக்கா” என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“அக்கா, குழாயைப் பார்த்து எடுத்து வச்சீகளா, இல்ல சும்மா வந்ததா?”

“சும்மாதான் சார். கைக்கு வந்தது” என்றேன்.

ஏன் பொய் சொன்னேன்? கேட்ட தோரணையிலேயே, பார்த்து எடுத்தது தப்பு என்று தெரிந்துவிட்டது. அதைச் சொன்னால் அவர் புத்தகம் என்னவாகும் என்பதும் தெரிந்துவிட்டது. கெடுவுக்கு ஐந்தாறு மாதம்தான் இருந்தது. நல்லது நினைத்துச் செய்த காரியம் நன்றாகவே முடியட்டும் என்று இருந்துவிட்டேன். அடுத்த வியாழன், மோர் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைக்கும்போது இரண்டாவது தடவை கேட்டார். நானும் இரண்டாவது தடவை அதையே சொன்னேன். இந்தத் தடவை கொஞ்சம் கோபமாகக்கூடச் சொன்னேன். பொய் சொல்பவர்களுக்குக் கோபம் சீக்கிரம் வரும்.

சனிக்கிழமை கம்பெனி ஃபோர்மேன் வந்தார். தீபாவளி சீசன் தலைக்குமேல் ஏறி நின்ற நேரம், ஆர்டர் மேல் ஆர்டர். வாத்தியாரின் கணக்கு அவர் காதுக்கும் போயிருந்தது. அந்தக் கணக்குப்படி குழாய்க்கு ஒரு பகல் வெயில் போதுமாம், இனி இரண்டு நாள் காக்கவைக்க வேண்டாம், மறுநாளே லோடு ஏற்றிவிடலாம் என்றார். சாரும் ஒப்புக்கொண்டாரா என்று கேட்டேன். புத்தகம் முடியட்டும், அப்புறம் எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், ஆனால் கணக்கு அதுதானே என்றார் ஃபோர்மேன்.

அவர் போனதும் முந்தின நாள் கட்டிய கட்டுகளிடம் போனேன். சணல் தளர்ந்துதான் இருந்தது. நடுக்குழாயை உருவிக் கன்னத்தில் வைத்தேன். முத்துமாரி சுற்றியதென்றால் வெதுவெதுப்பு. அடுத்தவள் சுற்றியது சில்லென்றது. இன்னொருத்தியுடையது ஈரத் துணியைத் தொட்டது போலவே இருந்தது. எட்டுக் கட்டிலும் பார்த்தேன். சாருடைய கணக்கு என்று எல்லாரும் சொன்னது முத்துமாரியின் கணக்கு. இந்தக் குழாய்தான் மருந்து அடைக்கிற பெண்களின் மடிக்கு நேராகப் போகும். ஈரமும் மருந்தும் ஒன்று சேர்ந்தால் சூடேறிப் பற்றிக்கொள்ளும் என்பது எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். அந்த வாரம் ஏதோ சாக்குச் சொல்லி, இரண்டு நாள் காயாத எதையும் வண்டியில் ஏற்றவிடவில்லை.

வியாழக்கிழமை அவர் புத்தகத்தோடு வந்தார். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஜெராக்ஸ் எடுத்துச் சுருள் கம்பி போட்டது. பசை மேஜையைத் துடைத்துவிட்டு அதன்மேல் வைத்தார். ஃபேனை நிறுத்திவிட்டு எடை பார்த்தார், குறித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். என்ன கேட்கப்போகிறார் என்று எனக்குத் தெரியும்.

“பார்த்து எடுத்தீகளாக்கா?”

“ஆமா சார்” என்றேன். “மொத நாள்ல இருந்தே பார்த்துத்தான் எடுத்தேன். அம்புட்டும் முத்துமாரி சுத்துனது.”

ஃபேனைத் திரும்பப் போட யாருக்கும் தோன்றவில்லை. முத்துமாரி கம்பியைக் கையில் பிடித்தபடி இருந்தாள். அவர் புத்தகத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டார்.

“நம்ம எடம் தேடி வந்தவுக நீங்க. வந்தவுகளுக்கு மட்டமானதையா சார் எடுத்துக் குடுக்க?”

வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள். கத்தியிருந்தால் எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, “ரெண்டு தடவை ஒரு பதிலு, இப்ப வேற பதிலு. இன்னும் முடியலக்கா, திரும்பக் கேக்கணும்” என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். கேலி இல்லை. வெள்ளிக்கிழமை காலேஜ் முடிந்து அவ்வளவு தூரம் வந்து கேட்டார். சனிக்கிழமையும் வந்து கேட்டார். இரண்டு தடவையும், ஆமாம் சார், பார்த்துத்தான் எடுத்தேன் என்றேன். வியாழனையும் சேர்த்து மூன்று. நோட்டை எடுத்துப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். அங்கேயிருந்து நேராகக் கம்பெனிக்குப் போய், குழாய் இரண்டு நாள் காய்ந்தே ஆக வேண்டும், தன் கணக்கு தப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். ஃபோர்மேன் அவரை வாய்க்கு வந்தபடி பேசினதாகக் கேள்விப்பட்டேன். புத்தகத்தை அவர் காலேஜில் கொடுக்கவே இல்லை. அந்த வருஷம் முடிந்தது, பதிவும் போனது. அவருக்குக் கீழே இருந்த ஒருவரை நிரந்தரமாக்கினார்கள்.

பொங்கல் கழித்து ஒரு வியாழக்கிழமை மறுபடியும் மொபெட் சத்தம் கேட்டது. புதிதாகப் பதிவு செய்திருந்தார். நான் வாசலிலேயே நின்று, “என் மேல கோபமா சார்?” என்று கேட்டேன். “இல்லக்கா” என்றார். தராசை இறக்கிவைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு குழாய் எடுக்கச் சொன்னார். நானும் முந்தானையால் கண்ணைக் கட்டிக்கொண்டு தட்டில் கையை விட்டு ஒன்று எடுத்தேன். முத்துமாரி குழாய். இரண்டாவதும் அவள் குழாய். மூன்றாவதும் அதே. விரலுக்குக் கண் இருந்தது, நான் என்ன செய்ய? கெட்டியாக இருப்பதை விட்டுவிட்டுத் தொளதொளப்பைத் தூக்க என் கை சம்மதிக்கவில்லை. மட்டமானதாகவே பார்த்து எடுக்கட்டுமா என்று கேட்டேன். “அதுவும் பார்த்து எடுக்கிறதுதானக்கா” என்று தலையில் கைவைத்துக்கொண்டார். முத்துமாரி சிரித்த சிரிப்பில் பசை வாளி கவிழ்ந்தது.

கடைசியில் எட்டுப் பேர் பெயரையும் சீட்டில் எழுதிக் காலி டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுத்தோம். சீட்டில் யார் வருகிறார்களோ அவள் சுற்றிய குழாய்தான் தராசுக்குப் போகும். ஒவ்வொரு கைக்கும் தனியாக ஒரு கோடு. எட்டுக் கோடும் எட்டு விதமாக இறங்கின. தளர்ந்த கையில் சுற்றிய குழாயில் மேல்சுற்று முதலில் சுருங்கி இறுகி, உள்ளே இரண்டு சுற்றுக்கு நடுவில் மாட்டிய ஈரத்துக்கு வழி விடவில்லையாம். பழைய கணக்கில் அதற்கு இடமே இல்லை என்றார். யாருடைய கோடு எல்லாருக்கும் பின்னால் வந்ததோ அவள் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பெயர் போட மாட்டேன், வெறும் எழுத்துத்தான் போடுவேன் என்று அவர் அவளுக்குச் சமாதானம் சொன்னார். முத்துமாரியோ, தன் ஒருத்தி கையை வைத்து இரண்டு வருஷம் உலகத்துக்கே கணக்குப் போட்டார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

மூன்று வருஷம் ஆனது. புத்தகத்தைக் கொடுத்துப் பட்டமும் வாங்கிவிட்டார். மிட்டாய்ப் பெட்டியோடு வந்தவரிடம் இரண்டாவது தடவை கேட்டேன், என் மேல் கோபமா என்று. சிரித்துக்கொண்டே இல்லை என்றார். புத்தகத்தைப் பிரித்து எட்டுக் கோடு போட்ட பக்கத்தைக் காட்டினார். எனக்கு அந்த இங்கிலீஷ் ஒரு வரிகூடப் புரியவில்லை. கோடு புரிந்தது.

அதே வருஷம் கோயம்புத்தூர்ப் பக்கம் வேறு காலேஜில் வேலை கிடைத்துக் கிளம்பினார். சாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு வழியனுப்பப் போனேன். சர்க்கரை போடாத அந்தப் பெண், மடியில் பிள்ளையோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவர் பெட்டியை மேலே ஏற்றிவிட்டுக் கீழே இறங்கி வந்தார். டிரைவர் வண்டியை எடுக்கிற நேரம். கேட்பதா வேண்டாமா என்று இருந்தது. கேட்டுவிட்டேன்.

“சார், என் மேல கோபமா?”

தராசில் எண் நிற்கிற வரைக்கும் காத்திருப்பாரே, அப்படி நின்றார்.

“இருந்துச்சுக்கா. ஒரு வருசத்துக்கு மேல இருந்துச்சு. மொபெட்டுல வர்ற வழியெல்லாம் இருக்கும். உங்க வீட்டு மோரைக் குடிக்கிறப்பவும் இருக்கும். இப்ப இல்ல.”

அந்த ஒரு வருஷம் முழுக்க வியாழக்கிழமை தவறாமல் வந்து, சாப்பிட்டீகளா என்று மூன்று தடவை கேட்டுவிட்டுத்தானே போனார். கண்டக்டர் விசில் கொடுத்தார். அவர் ஓடி ஏறி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். நான் பஸ்ஸோடு நாலு எட்டு நடந்தேன்.

“ரெண்டு தடவை ஒரு பதிலு, இப்ப வேற பதிலு. அப்ப நான் திரும்பக் கேக்கணும் சார்.”

“கேளுங்கக்கா” என்றார். அவர் பல் தெரியச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பஸ் மதுரை ரோட்டில் திரும்பிவிட்டது. அதற்கப்புறம் அவர் இந்தப் பக்கம் வரவில்லை. எனக்கு இன்னும் இரண்டு தடவை கேட்க வேண்டியிருக்கிறது.